குழாய் தூரத்தில், நோய் வீட்டுக்குள்!



"கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள், நோய் உங்களை அண்டாது." இந்த உபதேசத்தை நாம் கேட்காத நாளில்லை. பள்ளிக்கூடச் சுவரில் எழுதுகிறார்கள். ஒலிபெருக்கியில் ஓதுகிறார்கள். 2020 ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது, இருபது வினாடி கை கழுவச் சொல்லி வானொலியும் தொலைக்காட்சியும் நாளெல்லாம் பாடம் நடத்தின. நல்ல உபதேசம்தான். கை கழுவினால் நோய் குறையும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் உபதேசம் செய்த கனவான்களில் ஒருவராவது, "அம்மா, உன் வீட்டிலிருந்து குழாய் எத்தனை தூரம்? வரிசையில் எத்தனை நேரம் நிற்கிறாய்? ஒரு நாளைக்கு எத்தனை குடம் வீட்டுக்கு வந்து சேருகிறது?" என்று கேட்டதுண்டா?

கேட்கமாட்டார்கள். கேட்டால் பதில் அவர்கள் தலைமேலேயே வந்து விழும். தண்ணீரைத் தூரத்தில் வைத்தவர்கள் அவர்கள். அழுக்கு என்ற பழியைச் சுமப்பவர்கள் நாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. ஆறும் இல்லாமல் குழாயும் இல்லாமல் இருப்பவனிடம் போய்ச் சிக்கனமும் சுகாதாரமும் பேசுகிறவர்களை என்னவென்று சொல்வது?

நம் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, சொறி சிரங்கு, கண்நோய், நம் பெண்களின் இடுப்புவலி ஆகியவற்றின் வேர் தண்ணீரின் தூரத்தில் இருக்கிறது. குழாய் வீட்டுக்குள் வரும்வரை அந்த வேர் அறாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தூரத்தை எதனால் அளப்பது?

ஊரில் நாம் தூரத்தை மைலால் அளந்தோம். மும்பையில் அந்த அளவுகோல் உதவாது. தாராவியில் ஒரு சந்தில் நின்று பார்த்தால் குழாய் கண்ணுக்கு எதிரே தெரியும். ஐம்பது அடிகூட இராது. அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "குழாய் பக்கத்தில்தானே இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அந்தக் குழாயை நம்பி எத்தனை குடும்பம், தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, முன்னால் இருப்பவர் மோட்டார் போட்டு இழுத்துவிட்டால் சந்தின் கடைசி வீட்டுக்கு என்ன மிஞ்சும் என்பதையெல்லாம் எழுதமாட்டார். ஐம்பது அடித் தூரத்தில் உள்ள குழாய்க்கு ஒரு மணி நேரம் காத்து நிற்க வேண்டுமானால், அந்தக் குழாய் ஐம்பது அடித் தூரத்திலா இருக்கிறது? இரண்டு மைல் தள்ளி இருக்கிறது என்பதே உண்மை. ஆகவே தண்ணீரின் தூரத்தைக் கடிகாரத்தால் அளக்க வேண்டும்.

இது நம் சொந்தச் சரக்கு அல்ல. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. வீட்டிலிருந்து போய், வரிசையில் நின்று, பிடித்துக்கொண்டு, வீடு திரும்ப மொத்தம் 30 நிமிடத்துக்குள் முடிந்தால்தான் அது "அடிப்படை" வசதி. வரிசையில் நிற்கும் நேரமும் தூரத்தில் சேர்த்தி.

2003-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனத்துக்காக ஹோவர்டு, பார்ட்ரம் என்ற இருவர் தயாரித்த அறிக்கை இதைத் தெளிவாக வகுத்துக் காட்டியது. தண்ணீர் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், அல்லது அரைமணிக்கு மேல் ஆகும் தூரத்தில் இருந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர்கூட வீட்டுக்கு வருவதில்லை. 100 மீட்டருக்கும் ஒரு கிலோமீட்டருக்கும் இடையில் இருந்தால் 20 லிட்டரைத் தாண்டுவது அரிது. வாசலில் ஒரு குழாய் இருந்தால் 50 லிட்டர். வீட்டுக்குள்ளேயே பல குழாய்கள் இருந்தால் 100 லிட்டரும் அதற்கு மேலும்.

இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. 900 மீட்டரில் இருந்த குழாயை 200 மீட்டருக்குக் கொண்டுவந்தாலும் குடும்பம் செலவழிக்கும் தண்ணீர் அதிகம் கூடுவதில்லை. வாசலுக்கு வரும்போதுதான் ஒரே தாவாகக் கூடுகிறது. "தெருமுனையில் ஒரு குழாய் போட்டுவிட்டோம், உங்கள் பிரச்சினை தீர்ந்தது" என்று மாலை மரியாதையோடு திறப்பு விழா நடத்துகிறார்களே, அந்த விழாவின் பாதி பொய் இதில் அம்பலமாகிறது.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள குடும்பம். ஆளுக்கு 50 லிட்டர் என்றால் 250 லிட்டர். அதாவது 250 கிலோ எடை. குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 17 நடை. குழாய் 100 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 200 மீட்டர். 17 நடைக்கு 3,400 மீட்டர். அதில் பாதித் தூரம் 15 கிலோவை இடுப்பிலோ தலையிலோ சுமந்து நடக்க வேண்டும். ஒரு நடைக்கு வரிசையோடு சேர்த்துப் பத்து நிமிடம் என்றால், மூன்று மணி நேரத்துக்குப் பத்தே நிமிடம் குறைவு. தண்ணீரோ ஒன்றிரண்டு மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. அப்படியானால் என்ன நடக்கும்? 17 குடம் 8 குடமாகும். 8 குடம் 6 குடமாகும். குடிக்கவும் சோறு பொங்கவும் குறைக்க முடியாது. குறைவது எது? கை கழுவுவது, குழந்தையைக் கழுவுவது, குளிப்பது, துணி துவைப்பது. உபதேசம் செய்பவர்கள் எதைச் செய்யச் சொல்கிறார்களோ, அதைத்தான் தூரம் முதலில் வெட்டுகிறது!

நோய் எப்படி நுழைகிறது?

1972-இல் வெளிவந்த கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வு ஒன்றில் ஒயிட், பிராட்லி முதலியோர் தண்ணீர் நோய்களை இனம் பிரித்தார்கள். கெட்ட தண்ணீரைக் குடிப்பதால் வரும் நோய்கள் ஒரு வகை: காலரா, டைபாய்டு போன்றவை. கழுவப் போதிய தண்ணீர் இல்லாததால் வரும் நோய்கள் இன்னொரு வகை: சொறி, சிரங்கு, கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமா போன்றவை. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு இரண்டு வழியாகவும் வருகிறது. தண்ணீர் பன்னீர்போல் சுத்தமாக இருந்தாலும், அளவு போதாவிட்டால் இரண்டாவது வகை நோய் போகாது. ஒரு பாட்டில் குளோரின் மருந்தைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தூரத்தோடு நேரக்கட்டுப்பாடும் சேர்ந்தால் நோய்க்கு மேலும் பல வாசல்கள் திறக்கின்றன. எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத தண்ணீரைச் சேர்த்து வைத்தே ஆக வேண்டும். டிரம், வாளி, அண்டா எல்லாம் நிரப்பி வைக்கிறோம். குழாயில் நல்லதாக இருந்த தண்ணீர், பல கை பட்டு வீட்டுப் பாத்திரத்தில் கெடுகிறது. மூடாத டிரம்மில் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. பிறகு கொசு ஒழிப்புப் படை வந்து நமக்கே அபராதச் சீட்டு நீட்டுகிறது! இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வரும் வீட்டுக்காரன் எதற்காக டிரம் வைக்கப் போகிறான்?

குழாய்களும் சாக்கடைக்குள்ளேதான் ஓடுகின்றன. தண்ணீர் வரும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறது. நின்றவுடன் அழுத்தம் போய்விடுகிறது. துருப்பிடித்த ஓட்டை வழியாக வெளியிலிருக்கும் சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. அடுத்த முறை திறக்கும்போது முதலில் வருவது அதுதான். மஞ்சள் காமாலையும் டைபாய்டும் மழைக்காலத்தில் நம் சந்துகளைச் சுற்றிச் சுற்றி வருவதன் இரகசியங்களில் இதுவும் ஒன்று.

தாய்மார்கள் படும் பாடு தனிக்கதை. அதிகாலைத் தண்ணீருக்காக மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் விழித்துத் தூக்கம் கெடுகிறது. கழுத்தும் இடுப்பும் தேய்கின்றன. வயிற்றில் பிள்ளையோடு குடம் தூக்குகிறார்கள். தண்ணீரை மிச்சப்படுத்தவும், பொதுக் கழிப்பறைக்குப் போவதைத் தள்ளிப்போடவும் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள்; சிறுநீர்க் கடுப்பும் தொற்றும் வருகின்றன. அம்மாவுக்கு முடியாத அன்று மூத்த மகள் குடத்தை எடுக்கிறாள், பள்ளிக்கூடம் போகவில்லை. இந்தக் கணக்கை எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் பார்க்க முடியாது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

2012-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிக்கரிங், டேவிஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஆப்பிரிக்காவின் 26 நாடுகளின் குடும்பக் கணக்குகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தண்ணீருக்கு நடக்கும் நேரம் ஒரு வழிக்கு 15 நிமிடம் குறைந்தால், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு சராசரியாக 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைச் சாவு 11 சதவீதம் குறைவாக இருந்தது. குழந்தைகளின் உடல் வளர்ச்சியும் மேலாக இருந்தது. பதினைந்து நிமிடம்! ஒரு லோக்கல் ரயில் தாமதமானால் நாம் நடைமேடையில் நிற்கும் நேரம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் குழந்தைகளின் உயிர் ஊசலாடுகிறது.

ஆப்பிரிக்கக் கதை நமக்கெதற்கு என்பீர்களானால், இங்கேயே வருவோம். ரே ரோடு பக்கம், துறைமுகக் கழக நிலத்தில் இருக்கிறது கௌலா பந்தர். நம் தமிழர்கள் வந்து உருவாக்கிய குடியிருப்பு. துறைமுக நிலம் என்பதால் மாநகராட்சியின் முறையான குழாய் அங்கே போகவில்லை. தனியார் மோட்டார் வைத்து இழுத்து, ரப்பர் குழாய் வழியாக விற்றார்கள். அங்கே நடத்தப்பட்ட ஆய்வு 2013-இல் வெளிவந்தது. சில பருவங்களில் 95 சதவீதக் குடும்பங்கள் ஆளுக்கு 50 லிட்டருக்கும் குறைவாகவே பயன்படுத்தின. மாநகராட்சியின் அன்றைய கட்டணம் 1,000 லிட்டருக்கு 2 ரூபாய் 25 காசு. அவர்கள் கொடுத்ததோ அதைப்போல 52 மடங்கு முதல் 206 மடங்கு வரை!

இதைக் காசாக மாற்றிப் பாருங்கள். நாளைக்கு 250 லிட்டர் என்றால் மாதம் 7,500 லிட்டர். மாநகராட்சிக் கட்டணத்தில் 17 ரூபாய்கூட ஆகாது. 52 மடங்கு என்றால் ஏறக்குறைய 877 ரூபாய். 206 மடங்கு என்றால் 3,400 ரூபாய்க்கு மேல். மாளிகைக்காரன் குளியல்தொட்டி நிறைய வாங்கும் தண்ணீரைவிட, கூலிக்காரன் குடத்தில் வாங்கும் தண்ணீருக்கு விலை அதிகம். இந்த நகரத்தின் நியாயத்தராசு இப்படித்தான் நிற்கிறது.

மொராக்கோ நாட்டின் டேஞ்சியர் நகரில் தெருக்குழாயை நம்பியிருந்த குடும்பங்களுக்குக் கடன் வசதியோடு வீட்டுக் குழாய் தரப்பட்டது. 2012-இல் வெளியான அந்த ஆய்வையும் மறைக்காமல் சொல்லுவோம்: நோய்க் கணக்கில் அங்கே பெரிய மாற்றம் தெரியவில்லை. காரணம், அவர்களுக்கு ஏற்கெனவே தெருக்குழாயில் நல்ல தண்ணீர் கிடைத்துவந்தது. ஆனால் வீட்டுக்குழாய் வந்தபின் நேரம் மிச்சமானது. மன நிம்மதி கூடியது. அக்கம்பக்கச் சண்டை குறைந்தது. நம் பத்திரிகைகள் சட்டசபையில் கூச்சல் எழுந்தால் "குழாயடிச் சண்டை" என்று கேலியாக எழுதுகின்றன. சண்டைபோடுவது எங்கள் பெண்களின் சுபாவம் என்று நினைப்பா? நூறு குடத்துக்கு ஒரு குழாயை வைத்தவன் மூட்டிய சண்டை அது. குழாயை வீட்டுக்குள் வை; சண்டை தானே ஓயும்.

தூரத்தில் வைத்தது யார்?

"மும்பையில் தண்ணீர் இல்லை" என்பார்கள். இருக்கிறது. 1860-இல் விகார் ஏரியில் தொடங்கி, துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, பாட்சா, 2014-இல் நடு வைதர்ணா என்று ஏழு ஏரிகள். நாசிக் மாவட்டம் வரை போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். நாளொன்றுக்குச் சுமார் 385 கோடி லிட்டர் நகரத்துக்குள் வருகிறது. 2011 கணக்கெடுப்பில் மும்பையின் மக்கள்தொகை 1 கோடியே 24 லட்சம். வெறும் வகுத்தல் கணக்குப் போட்டால் ஆளுக்கு 300 லிட்டருக்கு மேல் வருகிறது. ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கசிவுக்கும் திருட்டுக்கும் போனது போகட்டும். மிஞ்சுவதையாவது சமமாகப் பங்கிட்டார்களா? கட்டடங்களில் குடியிருப்பவருக்கு ஆளுக்கு 135 லிட்டர், குடிசைக்காரருக்கு 45 லிட்டர் என்று மாநகராட்சியே அளவுகோல் வைத்தது! குடிசைக்காரனுக்கு மூன்றில் ஒரு பங்கு உடம்புதானா இருக்கிறது?

நூறு மைல் தூரத்துத் தண்ணீரை மலை தாண்டிக் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்குக் கடைசி நூறு அடியைத் தாண்டத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள். 1896-இல் பிளேக் வந்து பம்பாயை உலுக்கியது. 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்து, தாதர், மாட்டுங்கா பகுதிகளை அகலத் தெருவும் தோட்டமும் குழாயும் சாக்கடையுமாகத் திட்டமிட்டுக் கட்டினார்கள். தண்டவாளத்துக்குக் கிழக்கே அந்த ஏற்பாடு. அங்கேயும் தமிழர்கள் இருக்கிறார்கள், நாம் பொறாமைப்படவில்லை. மேற்கே லேபர் கேம்ப், அதற்கப்பால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவனும், பஞ்சாலையில் உழைத்தவனும், கூலிவேலை செய்தவனும் இந்தப் பக்கம். ஒரே மொழி, ஒரே ஸ்டேஷன், ஒரே ஏரித் தண்ணீர். நடுவில் நான்கு தண்டவாளம். பிளேக் நோய் பணக்காரனையும் தொடும் என்று பயம் வந்தபோது குழாய் வந்தது. ஏழைக் குழந்தையின் வயிற்றுப்போக்கு தண்டவாளத்தைத் தாண்டாது என்ற தைரியத்தில்தான் இங்கே தாமதம்.

செம்பூர்ப் பக்கம் போனால் இன்னும் இரண்டு சாட்சிகள். எமர்ஜென்சிக் காலத்தில், 1976 மே மாதம், அணுசக்தி நிலையத்தின் பக்கத்தில் இருந்த ஜனதா காலனியை இடித்து, சுமார் 70 ஆயிரம் மக்களைச் சீத்தா கேம்ப் சதுப்பு நிலத்துக்குத் துரத்தினார்கள். அதில் தமிழர்கள் ஏராளம். அந்த மக்களை ஒன்று திரட்டிப் போராடிய ஜாக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், 2018-இல் மறைந்தார். சீத்தா கேம்பில் இன்றுள்ள ஒவ்வொரு வசதியும் மக்கள் அடம்பிடித்து வாங்கியது.

அடுத்தது மாகுல். தான்சா பெருங்குழாயின் ஓரத்தில் குடியிருந்தவர்களை, குழாய்க்கு ஆபத்து என்று சொல்லி 2017 முதல் காலிசெய்தார்கள். குழாய்க்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஓடும்; அதன்மேல் நடந்து போனவர்களின் கையில் காலிக் குடம்! அவர்களை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு நடுவே மாகுலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2019 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தலையிட்டு, வேறு இடம் கொடு, இல்லாவிட்டால் மாதம் 15 ஆயிரம் ரூபாய் வாடகை கொடு என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

சட்டமும் தெருக்குழாயும்

"நீங்கள் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள்" என்பது அவர்களுடைய பிரம்மாஸ்திரம். 1976 என்றார்கள், 1985 என்றார்கள், 1995 என்றார்கள், 2000 என்றார்கள். அந்தத் தேதிக்கு ஒருநாள் பின்னால் வந்தவனுக்குத் தாகம் எடுக்காதா? 1996-இல் மகாராஷ்டிர அரசு சுற்றறிக்கை விட்டு, அங்கீகாரமற்ற குடிசைகளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்றது. பானி ஹக் சமிதி என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம், தண்ணீர் பெறுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும். 2000-க்குப் பின் வந்த குடிசை என்பதற்காக அதை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. வரவேற்கிறோம். ஆனால் அதே தீர்ப்பு, சட்டப்படி குடியிருப்பவருக்குச் சமமாகக் கேட்க முடியாது. தெருக்குழாய் மூலம் கொடுக்கலாம், அதிகக் கட்டணமும் வாங்கலாம் என்றது. பிறகு மாநகராட்சி வகுத்த விதிகளில் நடைபாதைவாசிகளும், மத்திய அரசு நிலத்தில் அனுமதிக் கடிதம் இல்லாமல் இருப்போரும் தள்ளி வைக்கப்பட்டார்கள். ரயில்வே நிலத்துக் குடிசையில் இருப்பவன் மத்திய சர்க்காரின் தண்டவாளத்தைச் செப்பனிடலாம். மாநகராட்சித் தண்ணீரைக் குடிக்க மட்டும் கடிதம் வேண்டும்! 2022 மே மாதம் "எல்லோருக்கும் தண்ணீர்" என்ற கொள்கையை அறிவித்தார்கள். காகிதத்தில் "எல்லோரும்" இருக்கிறார்கள். சந்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பும் தீர்மானமும் தானாகக் குடத்தை நிரப்பியதாகச் சரித்திரம் இல்லை. 1923-இல் பம்பாய் சட்டசபையில் போலே கொண்டுவந்த தீர்மானம் பொதுக் குளங்களையும் கிணறுகளையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆனால் 1927 மார்ச் 20-ஆம் தேதி பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு மகத் நகரத்தின் சவ்தார் குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீரைக் கையில் அள்ளிய பிறகுதான் அந்தக் காகிதத்துக்கு உயிர் வந்தது. வழக்கு இழுத்து முடிய 1937 ஆனது. அந்தக் குளம் தூரத்திலா இருந்தது? ஊருக்கு நடுவே இருந்தது! சாதி அதைத் தூரமாக்கி வைத்திருந்தது. நம் ஊர்களிலும் ஊர்க்கிணறு வேறு, சேரிக்கிணறு வேறு என்று வைத்தவர்கள் எத்தனை பேர்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமையை மறக்க முடியுமா? அந்தத் தூரத்தைத் தாண்டிவிடலாம் என்றுதான் நம் முன்னோர் இங்கே ரயிலேறி வந்தார்கள். இங்கே அது வேறு உருவம் எடுத்து நிற்கிறது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இது தமிழன், மராட்டியன் சண்டை அல்ல. மும்பைக்குத் தண்ணீர் தரும் தான்சாவும் பாட்சாவும் இருக்கிற சகாப்பூர் தாலுக்காவில், அணைக்குப் பக்கத்து ஆதிவாசிக் கிராமங்களில், கோடை வந்தால் பெண்கள் டேங்கரை எதிர்பார்த்து நிற்கிறார்கள். குடம் தூக்குகிற மராட்டியப் பெண்ணும் நம் சகோதரிதான்.

நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம்

சர்க்காரைத் திட்டிவிட்டு நம் ஆட்களை விட்டுவிடுவது நியாயமாகாது. குழாய்க்குப் பூட்டுப் போட்டுக் குடத்துக்குக் காசு வாங்குகிற தாதாக்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் டேங்கர் அனுப்பிப் படம் எடுத்துக்கொள்ளும் தலைவர்களும் நம்மில் உண்டு. டேங்கர் தண்ணீர் அன்றைக்குத் தீரும். டேங்கருக்குக் கொடுத்த ஓட்டு ஐந்து வருஷம் தீராது.

அண்ணாச்சிமாரே! உங்களையும் ஒரு கேள்வி கேட்கிறோம். மூட்டை தூக்குகிறவர்கள், இரும்பு தூக்குகிறவர்கள் ஒரு குடம் தூக்கினால் கௌரவம் குறைந்துவிடுமா? பத்து வயதுப் பெண்பிள்ளை இரண்டு கேனைச் சுமந்து வரும்போது வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது என்ன வீரம்? வீட்டில் ஆண்கள் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினால், வார்டு ஆபீசில் குழாய்க்கு மனுக் கொடுப்பதற்கும் வேகம் தானாக வரும்!

இனி என்ன செய்ய வேண்டும்?

குழாய் வரும்வரை சில காரியங்களைச் செய்யலாம். குடிநீரை மூடிவைத்து, கையை விடாமல், பிடி வைத்த அகப்பையால் எடுப்பது, வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, தேய்த்து உலர்த்துவது, குழந்தைக்குப் பேதியானால் உடனே உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) கொடுத்து மருத்துவரிடம் போவது. இவை அவசர உதவிகள். நிரந்தர மருந்து போராட்டத்தில் இருக்கிறது. ஆகவே:

1. ஒவ்வொரு சந்திலும் நான்கு பேர் சேர்ந்து ஒரு நோட்டுப் போடுங்கள். ஏழு நாளைக்கு எழுதுங்கள்: குழாய் எத்தனை அடி, வரிசையில் எத்தனை நிமிடம், எத்தனை குடும்பம், எப்போது வந்து எப்போது நிற்கிறது, வீட்டுக்கு எத்தனை குடம் சேருகிறது, யார் சுமக்கிறார், அந்த வாரம் யாருக்கு என்ன நோய். நம் கையில் கணக்கு இருந்தால் அதிகாரி கதை சொல்ல முடியாது.

2. 2014 தீர்ப்பையும் 2022 கொள்கையையும் குறிப்பிட்டு, எழுத்து மூலம் வார்டு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். தாராவிக்கு ஜி-வடக்கு, மாட்டுங்காவுக்கு எஃப்-வடக்கு, செம்பூருக்கு எம் வார்டு அலுவலகங்கள். முத்திரை குத்திய நகலை வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

3. தெருக்குழாயை முதல் படியாக ஏற்போம், முடிவாக ஏற்கமாட்டோம். கோரிக்கை, வீட்டுக்கு ஒரு குழாய். ஆளுக்குச் சம அளவு. எல்லோருக்கும் ஒரே கட்டணம்.

4. தாராவி மறுசீரமைப்பு என்கிறார்கள். 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் எடுத்தது. 2000-க்கு முன் வந்த தரைத்தள வீட்டுக்காரருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்போருக்கும் வெளியே என்று அறிவித்தார்கள். முலுண்டு உப்பளமும் தேவனார் குப்பைமேடும் அந்தப் பட்டியலில் அடிபடுகின்றன. தண்ணீருக்குச் செல்லாது என்று நீதிமன்றம் சொன்ன அதே 2000-ஆம் ஆண்டுத் தேதி, இப்போது வீட்டுக்கு வந்து நிற்கிறது! சீத்தா கேம்பும் மாகுலும் நமக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. குழாயும் சாக்கடையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் முதலில், குடியேற்றம் பிறகு. குழாயைத் திறந்து காட்டாத இடத்துக்கு ஒரு குடும்பமும் போகாது என்று இப்போதே ஒன்றுபட்டுச் சொல்வோம்.

5. ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை செய்கிற தொழிலாளர்கள் தங்கள் சங்கங்களில் தீர்மானம் கொண்டுவர வேண்டும்: நிர்வாகத்தின் நிலத்தில் குடியிருக்கும் மக்களுக்குத் தண்ணீர் கொடுக்க அனுமதிக் கடிதம் தருக. நிலத்தின் வழக்கு கோர்ட்டில் நடக்கட்டும். குழந்தையின் தாகம் வாய்தா கேட்காது.

தோழர்களே! 2010-இல் ஐக்கிய நாடுகள் சபை தண்ணீரை மனித உரிமை என்று அறிவித்தது. அந்த உரிமை ஏழு ஏரிகளைக் கடந்து, மலைகளைக் கடந்து, நம் சந்துமுனை வரை வந்து நிற்கிறது. மிச்சமிருப்பது ஐம்பது அடி. அந்த ஐம்பது அடியை இதுவரை நம் பெண்கள் குடத்தோடு நடந்தார்கள். இனி நாம் எல்லோரும் மனுவோடும் கணக்கு நோட்டோடும் வார்டு ஆபீசை நோக்கி நடப்போம்.

வீட்டுக்கு ஒரு குழாய்! ஆளுக்குச் சம அளவு! குழாய் வந்த பிறகே குடியேற்றம்!